கோட்டுக்குப் பின்னால்

ஏங்க்கா, இந்த வண்டியை எப்பவுமே இப்படித்தான் உருட்டுவாங்களா, இல்லை இன்னைக்கு நான் ஏறியிருக்கேன்னு உருட்டுறாங்களா? சித்தோடு வர்றதுக்குள்ள என் பையனுக்கு மீசை முளைச்சிடும் போல. கொஞ்சம் இவனைப் பிடிங்க, இந்தப் பையைக் காலடியில் வெச்சுக்கிறேன். வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே தூக்குப்போசியில தக்காளி சாதம். சாய்ஞ்சா எண்ணெய் இறங்கி என் சேலைக்குத்தான் வரும்.

நீங்க எங்கே இறங்குறீங்க? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் பாலிடெக்னிக் ஸ்டாப். கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை சொல்லி வெச்சிருக்கேன், மூணாவது தடவை சொன்னா என்னையே விசில் ஊதச் சொல்லிடுவார். நான் பேச்சுல மறந்தா நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க. நான் பேச ஆரம்பிச்சா அப்படி.

டேய், அக்கா வளையலை விடு. முகிலா. விடு சாமி. இங்கே பாரு, இங்கே பாரு. நாக்குல இப்படி ஒரு சத்தம் கொடுத்தாப் போதுங்க்கா, என்ன அழுகையா இருந்தாலும் நின்னுடும். பார்த்தீங்களா சிரிப்பை? பத்து மாசமா இது ஒண்ணுதான் எனக்கு மருந்து. எங்க அப்பா வீட்டில் கன்னுக்குட்டியைக் கூப்பிட இப்படித்தான் சத்தம் கொடுப்போம். கன்னுக்குட்டிக்கும் இவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் எங்கே போறேன்னு கேட்டீங்க இல்லை? என் நாத்தனார் அங்கே அம்பு விடுறாள். ஆமாங்க்கா, வில் அம்புதான். நாடகத்துக்கு இல்லை, போட்டிக்கு. தாரணின்னு பேரு, காலேஜ் மூணாவது வருஷம். இன்னைக்கு மாநில அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. நாற்பது புள்ளைங்க வந்திருக்காங்களாம், எடுக்கிறது நாலே பேர். அந்த நாலு பேர் தேசியப் போட்டிக்குப் போவாங்க. அஞ்சாவது வந்தவள் வீட்டுக்கு வந்து வாசல் கூட்ட வேண்டியதுதான். போன வருஷம் அந்த அஞ்சாவது எங்க புள்ளை. வாசல் கூட்டலை, அது வேற. ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தாள். இந்த வருஷமும் விட்டா அடுத்த வருஷம் காலேஜ் முடிஞ்சிடும், கிரவுண்டும் போயிடும், மாஸ்டரும் போயிடுவார். அதனால இன்னைக்குத்தான் எல்லாமே.

இதுல விஷயம் என்னன்னா, அவள் என்னை வர வேண்டாம்னு சொல்லிட்டாள். நான் போறது அவளுக்குத் தெரியாது.

அப்படிப் பார்க்காதீங்க. நீங்களே முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அவளுக்குப் பதினேழு. மாமியார் தவறி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனும் தங்கச்சியும் மட்டும்தான் வீட்டில். அண்ணன்னா என் வீட்டுக்காரர். அவங்க தறிக்குப் போவாங்க, இவள் பள்ளிக்கூடம் போவாள், சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவாங்க, தட்டுல கை படுற சத்தம் தவிர வேற பேச்சு கிடையாது. எனக்கு முதல் வாரம் பைத்தியமே பிடிச்சிடும் போல இருந்தது. நான் போய்த்தான் அந்த வீட்டில் சத்தம்னு ஒண்ணு வந்தது. இதை நான் சொல்லலை, பக்கத்து வீட்டில் சொன்னாங்க. எப்படிச் சொன்னாங்கங்கிறதை விடுங்க.

காலேஜ் சேர்ந்த முதல் மாசம், ஒருநாள் இடது கையில் முழங்கைக்குக் கீழே செக்கச் செவேல்னு வரி வரியா வீங்கிப் போய் வந்தாள். எவனோ அடிச்சுட்டான்னு நினைச்சு நான் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன். அப்புறம்தான் மெதுவா வாயைத் திறக்கிறாள். மாஸ்டர் ஒருத்தர் நெட்டையா இருக்கிற புள்ளைங்களையெல்லாம் கூப்பிட்டு மூங்கில் வில்லைக் கையில் கொடுத்தாராம். நாண் வந்து கையில் அடிச்சிருக்கு. வலிக்குதாடின்னு கேட்டேன். வலிக்குது, நாளைக்கும் போறேன்னாள். அந்தப் புள்ளை அவ்வளவு நீளமாப் பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

பழைய மொபெட் சீட்டு உறை ஒண்ணு கிடந்தது. அந்த ரெக்சினை வெட்டி, உள்ளே துண்டுத் துணி வெச்சு, மூணு பட்டி போட்டுக் கைக்கு ஒரு காப்பு தைச்சுக் கொடுத்தேன். மாஸ்டர் பார்த்துட்டுச் சிரிச்சாராம். அடுத்த வாரம் இன்னும் நாலு கேட்டு விட்டார்.

அப்புறம் வீட்டுக்குப் பின்னால் தரிசு கிடக்கிற இடத்தை நாங்களே ஒதுக்கினோம். தேங்காய் நார் மில்லுல அமுக்கிக் கட்டின கட்டு இருக்கும் பாருங்க, அதை ஏழு வாங்கி அடுக்கி, மேலே அந்தக் கலர் வட்டத்தாளைக் குத்தி வெச்சோம். நடுவுல மஞ்சள், அதைச் சுத்திச் சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. நடு மஞ்சளுக்குப் பத்து. அவள் இந்தப் பக்கம் நின்னு விடுவாள், நான் அந்தப் பக்கம் போய்ப் பிடுங்கிட்டு வருவேன். அம்பை அப்படியே பிடுங்கக் கூடாதுங்க்கா. ஒரு உள்ளங்கையால தாளை அமுக்கிக்கிட்டு, வேர்ல பிடிச்சு நேரா இழுக்கணும். கோணலா இழுத்தா வளைஞ்சிடும். போக நூறு எட்டு, வர நூறு எட்டு. இவன் வயித்துல இருந்தப்ப நிறைமாசம் வரைக்கும் நடந்தேன். டாக்டரம்மா நல்லா நடக்கணும்னாங்க. எல்லாரும் ரோட்டுல நடந்தாங்க, நான் அம்பு பொறுக்கி நடந்தேன். பிரசவம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது.

எந்த ஸ்டாப் இது? இன்னும் சித்தோடே வரலையா? மணி பதினொண்ணு ஆகப் போகுது. ஒன்பதுக்கே ஆரம்பிச்சிருப்பாங்க. மொத்தம் எழுபத்திரண்டு அம்பு, பாதி முடிஞ்சதும் கொஞ்ச நேரம் விடுவாங்க. ரெண்டாவது பாதிக்காவது போயிடணும். டிரைவர் அண்ணன் அந்த டீக்கடையைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

ஆங், மூங்கில் வில். அதை வெச்சு மாவட்டத்துல மூணாவது வந்தாள். அப்புறம் மண்டலத்துல ரெண்டாவது. அதுக்கப்புறம் பெரிய வில். கழட்டிப் பூட்டுற வில், முதுகுல மாட்டுற பை, வெளிநாட்டுல விடுறாங்களே அந்த மாதிரி. அது எப்படி வந்ததுங்கிறது தனிக் கதை, இந்த பஸ்ஸுல முடியாது. அந்த வில்லுல ஒரு சங்கதி இருக்குங்க்கா. கைப்பிடிக்கு மேலே மெல்லிசா ஒரு தகடு. அம்பு அதுக்கு அடியில் போகும். இழுத்து இழுத்து, சரியான அளவு வந்ததும் அம்பு நுனி உள்ளே வந்துடும், தகடு டிக்னு விழும். அந்தச் சத்தம் கேட்டதும் விட்டுடணும். யோசிக்கக் கூடாது. கண்ணு சொல்லி விடக் கூடாதாம், மனசு சொல்லி விடக் கூடாதாம், காது சொல்லணும். மாஸ்டர் அதைத்தான் ஆறு மாசம் ஓட்டினார். குறியே கிடையாது, வெறும் கட்டுக்கு முன்னால் அஞ்சடியில் நின்னு கண்ணை மூடிக்கிட்டு டிக், விடு. டிக், விடு. ஒருநாளைக்கு இருநூறு தடவை. காதும் விரலும் ஒண்ணாகிற வரைக்கும். நான் அரிசி களையிற சத்தத்துல தவலை மூடி டிக்குன்னா இவள் விரல் தானா விரியும். நானும் இவங்க அண்ணனும் அதை வெச்சு எவ்வளவு சிரிச்சிருக்கோம்.

அதுக்கப்புறம் ஏறுமுகம்தான். எழுநூற்றிருபதுக்கு ஐந்நூற்று நாற்பது வந்தாள். அப்புறம் ஐந்நூற்று எண்பது. அறுநூறைத் தாண்டினாள். அறுநூற்றுப் பதினஞ்சு வந்தப்பத்தான் அந்த அஞ்சாவது இடம்.

இவன் பிறந்து நாலு மாசத்துலயே நான் பின்னால் இடத்துக்கு வந்துட்டேன். சும்மா படுத்துக் கிடக்க என்னால முடியாதுங்க்கா. அவள் நின்னு விடுற கோட்டுக்குப் பின்னால் பத்தடியில் ஒரு முக்காலி, மடியில் இவன். ஆனா இவன் விட்டானா? வெயில்னு அழுவான், எறும்புன்னு அழுவான், ஒண்ணுமே இல்லைன்னும் அழுவான். அவள் நாணை இழுக்கிற நேரமாப் பார்த்துத்தான் வாயைத் திறப்பான். அவளுக்குத் தொந்தரவாகக் கூடாதேன்னு நான் உடனே நாக்குல சத்தம் கொடுத்து அடக்கிடுவேன். அந்த ஒண்ணு மட்டும் கத்துக்காம இருந்தேன்னா அவள் எப்படிப் பயிற்சி எடுத்திருப்பாள்னு நானே நினைச்சுக்குவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணு பட்டது.

சிரிக்காதீங்க. நல்லா விட்டுக்கிட்டிருந்த புள்ளை. நாண் பாதிதான் இழுத்திருப்பாள், விரல் விரிஞ்சு அம்பு போயிடும். போய்க் குறி வரைக்கும் கூடப் போகாது, நடுவுல புல்லுல விழும். பத்து அம்புக்கு ஒண்ணு. அப்புறம் பத்துக்கு ரெண்டு. அப்படியே நின்னுக்கிட்டு வில்லைப் பார்ப்பாள், திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் தைரியம் சொல்லுவேன். அம்மிணி, பரவாயில்லை, அடுத்தது பார்த்துக்கலாம்னு. உப்பு மிளகாய் சுத்திப் போட்டேன். வில் பைக்குள்ள எலுமிச்சம்பழம் ஒண்ணு வெச்சேன். அது நசுங்கி உள்ளே ஒழுகி, மாஸ்டர் எனக்கே போன் பண்ணினார். பழம் வெச்சது யாருங்கக்கான்னு கேட்டார். நல்ல மனுஷன், கோபமே வராது, அன்னைக்கு மட்டும் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

சேலத்துல ஒரு போட்டி. நான் இவனைத் தூக்கிக்கிட்டுப் போனேன். கயிறு கட்டி நிறுத்துவாங்க பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம் சரியா அவள் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிச்சேன். நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும் இல்லையா? அன்னைக்கு இவன் ரொம்பப் படுத்தினான். நானும் விடாம அடக்கினேன். அவளுக்கு நாலு அம்பு புல்லுல போயிடுச்சு. புல்லுல போனா முட்டை கூட இல்லைங்க்கா, எம்னு இங்கிலீஷுல எழுதுவாங்க. நாலு எம். பதினாலாவது வந்தாள். மாஸ்டர் வந்து, அக்கா, பாப்பாவை வெச்சுக்கிட்டு அந்த வேப்பமரத்தடிக்குப் போயிடுங்க, நிழலா இருக்கும்னார். எவ்வளவு அக்கறை பாருங்க. போனேன். அங்கிருந்து ஒண்ணும் தெரியலை, கால் மணி நேரத்துல திரும்ப வந்துட்டேன்.

அடுத்த வாரம் பார்த்தா ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சுக்கிட்டு நிக்கிறாள். என்னடின்னா அடுத்த அம்பை எடுத்துப் பூட்டுறாள். காதுவலின்னு நானே புரிஞ்சுக்கிட்டு, நல்லெண்ணெய்யில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, மடியில் படுக்க வெச்சு ரெண்டு காதுலயும் மூணு மூணு சொட்டு விட்டேன். கண்ணு ஓரத்துல தண்ணி. சூடு அதிகமோன்னு கேட்டேன், இல்லை அண்ணின்னாள். பஞ்சு வெச்சதுல அவள் தகட்டுச் சத்தம் அவளுக்கே கேட்கலை, அது இன்னும் மோசமாப் போச்சு. மாஸ்டர் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுட்டார்.

அப்புறம் மதுரை. அதுக்கு நான் போக முடியலை, இவனுக்குக் காய்ச்சல். வீட்டில் இருந்தபடியே வேண்டிக்கிட்டேன். என்ன வந்தாள் தெரியுமா? அறுநூற்று நாற்பத்தொண்ணு. ரெண்டாவது இடம். ஒரு அம்புகூடப் புல்லுக்குப் போகலை. இவன் காய்ச்சல் இறங்கினப்பவே அவள் மேல இருந்த கண்ணும் இறங்கிடுச்சுன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். வந்த அன்னைக்கே பின்னால் இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், எனக்கும் பார்க்கணும் இல்லையா? முதல் ஆறு அம்புல ரெண்டு புல்லுல.

அதுக்கப்புறம் வீட்டில் விடுறதையே நிறுத்திட்டாள். காலேஜ் கிரவுண்டுலயே ஆறு மணி வரைக்கும் நின்னு விட்டுட்டு வர்றாள். நான் முக்காலியை எடுத்து மாட்டுக் கொட்டாயில போட்டுட்டேன். யாருக்காக இனி?

சித்தோடு வந்தாச்சா? சரி, இனி வேகமாப் போகும். போகணும்.

நேத்துச் சாயங்காலம்தாங்க்கா. நான் அடுப்படியில் இருக்கேன். வந்து பக்கத்துல உட்கார்ந்தாள். அவள் தானா வந்து உட்கார்ந்தாளேன்னு எனக்குச் சந்தோஷம். வெங்காயத்தை எடுத்து உரிக்கிறாள். உரிக்கிறாள், உரிக்கிறாள், எனக்குத் தேவை நாலு, அவள் பன்னெண்டு உரிச்சுட்டாள்.

"அண்ணி, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

ஏன்னு கேட்டேன். வெயில், முகிலனுக்கு ஆகாதுன்னாள். சேலத்துல இல்லாத வெயிலான்னேன். ரொம்ப நேரம் ஆகும்னாள். எனக்கு என்ன வேலை வெட்டி முறியுதுன்னேன். இன்னும் ரெண்டு வெங்காயம் உரிச்சாள்.

"நீங்க இல்லாம விட்டுப் பார்க்கிறேன் அண்ணி. ஒரே ஒரு தடவை."

சொல்லிட்டு எழுந்து போயிட்டாள். நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரியாதா? சேலத்துல பார்த்தேனே. மத்த புள்ளைங்களோட அம்மாக்கள் எல்லாம் கறுப்புக் கண்ணாடி, குடை நாற்காலி, இங்கிலீஷு. அதுக்கு நடுவுல நான், இடுப்புல ஒண்ணு, கையில் தூக்குப்போசி ஒண்ணு. எங்க அண்ணின்னு காட்ட வெட்கமா இருக்கு. பரவாயில்லை, வயசு அப்படி. இவங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். சொன்னாக் கேளு, போகாதேன்னுட்டுத் தறிக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு ஏதோ தெரிஞ்ச மாதிரி ஒரு முகம். அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணு, நான் நேத்து வந்தவள்.

காலையில் அவங்க ரெண்டு பேரும் வண்டியில் கிளம்பினதும் வீட்டைக் கூட்டினேன். கூட்டின வீட்டையே திரும்பக் கூட்டினேன். பாத்திரம் தேய்ச்சேன், கவுத்தினேன், திரும்ப நிமித்தி வெச்சேன். உட்கார முடியலை. பத்து மணிக்கு இவனுக்குச் சட்டையை மாட்டினேன், சோத்தைப் போட்டுக் கட்டினேன், வந்துட்டேன். நான் பின்னால் நிக்காம அவள் ஒரு முக்கியமான அம்பு விட்டதே இல்லைங்க்கா. மதுரையைத் தவிர.

என்ன கேட்டீங்க?

அந்தத் தகடா? எப்படிச் சத்தம் வரும்னா, பெரிசா எல்லாம் வராது. பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் கேட்கும். இரும்புச் சத்தம் மாதிரியும் இருக்காது. எப்படிச் சொல்றது, இருங்க, செய்து காட்டுறேன். நாக்கை மேலே ஒட்டி இப்படி.

பாருங்க, இதுக்கும் இவன் சிரிக்கிறான்.

இவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

இருங்க. இருங்க ஒரு நிமிஷம்.

சேலம். பின்னால் இடம். பஞ்சு. மதுரையில் நான் இல்லை.

ஐயோ, அந்தப் பூண்டெண்ணெய்யை வேற விட்டேனே.

நீங்க தெரிஞ்சேதான் கேட்டீங்களாக்கா? எப்பத் தெரிஞ்சது? முக்காலி சொன்னப்பவேயா? சொல்லியிருக்கலாமே. இல்லை, சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். மாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கு. வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார். இவங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. வீட்டில் தெரியாத ஆள் நானும் இவனும்தான். ஆறு மாசமா அந்தப் புள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. அண்ணி, நாக்கை அடக்குங்கன்னு ஒரு வார்த்தை. எல்லாரும் என்னைச் சொல்றதுதானே அது. சொன்னா நான் அடுத்த நிமிஷம் முக்காலியைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன். சிரிச்சுக்கிட்டே போயிருப்பேன். அதுக்கப்புறம் கோட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அதனால பஞ்சு வெச்சுக்கிட்டாள்.

ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. இல்லை, ஒண்ணுமில்லை, தூசி.

இப்ப நான் என்னக்கா பண்றது? போனா இவன் சும்மா இருப்பானா? நான்தான் சும்மா இருப்பேனா? வாயில துணியை வெச்சு அடைச்சுக்கிட்டு உட்கார்ந்தாலும், பின்னால் நான் இருக்கேன்னு ஒரு தடவை பார்த்துட்டாள்னா அப்புறம் அவள் காது தகட்டுக்கு எங்கே போகும், என் பக்கம்தான் வரும். தூரத்துல, வேப்பமரம் மாதிரி ஏதாவது இருந்தா, ஒரு ஓரமா நின்னு...

போன் அடிக்குது. யாரு? அவள்தான். சரியாப் பார்த்து. பாதி விட்டு முடிச்சிருப்பாங்க. இவனைப் பிடிங்கக்கா, தயவு பண்ணி வளையலைக் கொடுங்க, கடிக்கட்டும்.

"சொல்லு அம்மிணி. நான் வீட்லதான். வேற எங்க இருப்பேன்? பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தேன். எவ்வளவு? முந்நூற்றுப் பத்தொம்பதா? மூணாவதா? புல்லுக்கு? ஒண்ணுகூட இல்லையா? சரி. சரி சாமி. அழுவுறேனா, நானா? வெங்காயம். நேத்து நீதானே பன்னெண்டு உரிச்சு வெச்ச, அதைத்தான் அரிஞ்சுட்டிருக்கேன். கோபமா? உன் மேலயா? போடி. எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்."

கேளுங்கக்கா, கேளுங்க. போனைப் பொத்திக்கிட்டேன், அவளுக்குக் கேட்காது. ரெண்டாவது பாதிக்கு வாங்கன்னு கூப்பிடுறாள். மனசு கேட்கலையாம், நேத்துப் பேசினது தப்பாம், அரை மணி நேரம் இருக்கு, பஸ் ஏறினா வந்துடலாம், பின்னாலேயே உட்காருங்கங்கிறாள். நாலாவதுக்கும் அவளுக்கும் ஒரு பாயிண்டுதான் வித்தியாசமாம். இப்பப் போய் என்னைக் கூப்பிடுறாள், பைத்தியம்.

"இல்லை அம்மிணி, வர முடியாது. இவன் இப்பத்தான் தூங்கினான். எழுப்பினா ஊரைக் கூட்டிடுவான். அதோட அடுப்புல குக்கர் வேற. நீ விடு. நீயே விடு. நான் இல்லாம மதுரையில விடலையா? என்ன சத்தம்? அது... மிக்சி. பக்கத்து வீட்டுல டிராக்டர் நிக்குது. விசிலா? குக்கர் விசில்டி, இப்பத்தானே சொன்னேன், பருப்பு வெச்சிருக்கேன். இந்தா, ரெண்டாவதும் வந்துடுச்சு. அணைக்கலைன்னா குழைஞ்சிடும். வெச்சுடறேன். தண்ணி குடி. டிக் கேட்டா மட்டும் விடு, வேற யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதே. வெச்சுடறேன்."

என்னங்க கண்டக்டர்? ஆமா, நான்தான் கேட்டேன். பாலிடெக்னிக் ஸ்டாப்புதான், தெரியுது. அதுக்காக இப்படியா ஊதுவீங்க, போன்ல பேசிட்டிருக்கிறவளுக்கு உயிரே போச்சு. இல்லைங்க, இறங்கலை. கடைசி ஸ்டாப்புக்கே போறேன். எதுக்குன்னா, சும்மாதான். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு அரசாங்கமே சொல்லுது, உங்களுக்கு என்னங்க வந்தது? புதுசா வேணும்னா ஒண்ணு கிழிச்சுக் கொடுங்க. போலாம், விசிலைக் கொடுங்க.

அதோ பாருங்கக்கா, காம்பவுண்டுக்கு மேலே. வரிசையா மஞ்சள் வட்டம் தெரியுதா? இவ்வளவு தூரத்துல பார்த்தா எல்லாம் பொட்டு மாதிரி. எதுல எங்க புள்ளை விடுறாள்னு தெரியலை. போயிடுச்சு.

சரி, போசியைத் திறங்க, தக்காளி சாதத்தை நாம ரெண்டு பேரும் சாப்பிட்டுடலாம். மூணு பேர் சோறு இருக்கு. கடைசி ஸ்டாப் போனதும் இதே வண்டியில் திரும்பினா ஒன்றரைக்கு வீடு. அவள் வர நாலு ஆகும். அதுக்குள்ள நான் எப்படியாவது பருப்பு வெச்சாகணும்க்கா. வந்ததும் மூடியைத் திறந்து பார்ப்பாள்.